கிராம சபைக்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள்

மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கிராம சபை பற்றிப் பயிற்சி கொடுப்பது என் வேலை. போகிற ஊரிலெல்லாம் கேட்பது ஒரே குறைதான்: "போறோம் மேடம், சொல்றோம், எழுதிக்கிறாங்க. அப்புறம் ஒண்ணும் நடக்கல."

என்ன எழுதிக்கொள்கிறார்கள் என்று ஓர் ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினேன். கடைசித் தெருப் பெண்கள் தண்ணீருக்காக அரை மணி நேரம் பேசியது, "குடிநீர் வசதியை மேம்படுத்தக் கோரப்பட்டது" என்று ஒற்றை வரியில் முடிந்திருந்தது. எந்தத் தெரு, எத்தனை வீடு, என்ன வேலை, எதுவும் இல்லை. இதை வைத்து எந்தப் பொறியாளரும் மதிப்பீடு போட முடியாது. மதிப்பீடு இல்லாத வேலை ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஏறாது.

அடுத்த கூட்டம் அக்டோபர் 2. செப்டம்பர் இரண்டாம் வாரமே அந்தத் தெருவின் மகளிர் குழுவோடு உட்கார்ந்தோம். புது போர் (ஆழ்துளைக் கிணறு) போட வேண்டும் என்றார்கள். சரி, முதலில் அளந்து பார்ப்போம் என்றேன். ஒரு பிளாஸ்டிக் குடம், ஒரு செல்போன், அவ்வளவுதான். காலையில் தண்ணீர் விட்டதும், தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் குடம் நிறைய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நடுத்தெருவில் 3 நிமிடம். கடைசித் தெருவில் 11 நிமிடம். அதுவும் நாலாவது குடத்தோடு நின்றுபோனது. கடைசிக் குழாய் யார் தெருவில் இருக்கும் என்பதை நம் ஊர்களில் சொல்லத் தேவையில்லை. ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் ஒரு வாரம் விடாமல் இதை நோட்டில் எழுதினாள்.

நோட்டை டேங்க் ஆபரேட்டரிடம் காட்டினோம். "எல்லாத் தெருவுக்கும் ஒரே லைன்ல போகுதும்மா. ரெண்டு இடத்துல வால்வு வச்சா தெரு மாத்தி மாத்தி விடலாம்" என்றார். ஊரில் தண்ணீர் இருந்திருக்கிறது, பங்குதான் சரியில்லை. பல லட்சம் கேட்கும் போர் கோரிக்கை, இரண்டு வால்வாகச் சுருங்கியது. இந்த மாதிரிச் சின்ன வேலைக்கு மறுப்புச் சொல்வது கடினம். மத்திய அரசிடமிருந்து ஊராட்சிகளுக்கு வரும், 2021 முதல் 2026 வரைக்குமான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. அதைத் தெரிந்துகொண்டு பேசினால், "நிதி இல்லை" என்ற பதில் அவ்வளவு சுலபமாக வராது.

கூட்ட நாளன்று ஒன்றை மறக்காதீர்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் பாதிப் பேர் கிளம்பிவிடுகிறார்கள். 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை. உங்கள் கையெழுத்துக்கு அந்த மதிப்பு இருக்கிறது. தீர்மானம் எழுதி முடியும்வரை உட்காருங்கள். "எங்க தெரு வரியைப் படிச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். தெருப்பெயரும் வேலையும் இல்லையென்றால் அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர எல்லாராலும் முடியாது, அதை நான் குறையாகச் சொல்லவே மாட்டேன். குழுவுக்கு இரண்டு பேர் என்று முறை வைத்துக்கொண்டு, முந்தைய நாள் ராத்திரி வேலை முடிந்த பிறகு தெருவிலேயே ஒருமுறை கூடிப் பேசிவிடுங்கள்.

சுய உதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு தயாரிக்கும் வறுமைக் குறைப்புத் திட்டமும் கிராம சபை வழியாக ஊராட்சித் திட்டத்தில் சேர வேண்டியதுதான். பல இடங்களில் போன வருடப் படிவத்தையே பார்த்து நிரப்புகிறார்கள். மனசு வலிக்கிறது. விதவை ஓய்வூதியம், கழிப்பறை, பட்டா எல்லாம் யாருக்கு வேண்டும் என்று வீடு வீடாகத் தெரிந்தவர்கள் குழுப் பெண்கள்தானே!

தீர்மான நகலை எழுதிக் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒப்புதல் ஆன திட்டத்தை இ-கிராம்ஸ்வராஜ் இணையதளத்தில் பார்க்கலாம். வால்வு வேலை அங்கே ஏறியதைச் செல்போனில் முதலில் கண்டுபிடித்தது அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்தான். இதுவரை ஒரு வால்வு வந்திருக்கிறது. கடைசித் தெருவில் குடம் இப்போது 5 நிமிடத்தில் நிறைகிறது. இன்னொன்றுக்காக, மே 1 கூட்டத்துக்கு மறுபடி அளக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.