லாகின் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள்

மறுபடியும் அதே ஓட்டை. ஒரு பயிற்சி மையத்துக்காக ஏஐ கருவியைக் கொண்டு உருவாக்கிய செயலியைச் சோதித்துத் தரச் சொன்னார்கள். மாணவர்களின் வருகைப் பதிவு, மதிப்பெண், பெற்றோரின் கைபேசி எண் எல்லாம் அதில் இருந்தன. சோதனைக்காகக் கொடுத்த கணக்கில் நுழைந்து, பிரவுசரின் முகவரியில் இருந்த மாணவர் எண்ணோடு ஒன்றைக் கூட்டினேன். அடுத்த மாணவரின் விவரங்கள் முழுவதும் திரையில் வந்தன. இதற்குத் தொழில்நுட்ப அறிவே வேண்டாம். எண்ணத் தெரிந்த எந்தப் பிள்ளையும் செய்துவிடும். செயலியோ ஏற்கெனவே பயன்பாட்டுக்கு வந்திருந்தது.

செயலிகளின் பாதுகாப்பைச் சோதிப்பது என் தொழில். ஏஐ கருவிகள்மேல் எனக்குப் பகை இல்லை. என் வேலையிலும் அவற்றைப் பயன்படுத்துகிறேன். நிரல் எழுதக் கற்காத ஒருவர் தனக்கு வேண்டிய செயலியைத் தானே செய்துகொள்ள முடிவது பெரிய விஷயம். ஆனால் 2025 பிப்ரவரியில் ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கார்பதி இந்த முறைக்கு ‘வைப் கோடிங்’ என்று பெயர் வைத்தபோது, வார இறுதியில் செய்து பார்த்துத் தூக்கிப் போடும் திட்டங்களுக்கு இது பரவாயில்லை என்றுதான் எழுதினார். பெயர் பரவிய வேகத்தில் அந்த வரம்பு பரவவில்லை. அடுத்தவரின் தரவை வைத்திருக்கும் செயலி, தூக்கிப் போடும் செயலி ஆகாது.

ஓட்டையைக் காட்டினால் எனக்கு வரும் முதல் பதில் இதுதான்: “லாகின் இருக்கிறதே, பாஸ்வேர்ட் இல்லாமல் யாரும் உள்ளே வர முடியாதே!” இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் யார் என்று உறுதிசெய்வது ஒரு வேலை. நீங்கள் எதையெல்லாம் பார்க்கலாம் என்று தீர்மானிப்பது வேறொரு வேலை. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலர் அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விடுகிறார். ஆனால் உள்ளே எந்த வீட்டுக் கதவுக்கும் பூட்டு இல்லை என்றால், ஒரு வீட்டுக்காரர் எல்லா வீட்டுக்குள்ளும் போகலாம். லாகின் பக்கம் அந்தக் காவலர் மட்டுமே. பூட்டு, தரவை எடுத்து அனுப்பும் கணினியான சர்வரில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கோரிக்கை வரும்போதும், “கேட்பவருக்கு இந்தப் பதிவைப் பார்க்க உரிமை இருக்கிறதா?” என்று சர்வர் சரிபார்க்க வேண்டும். ஒருமுறை சரிபார்த்தால் போதாது, ஒவ்வொரு முறையும்.

இதே தவறான நம்பிக்கைக்கு இன்னொரு வடிவமும் உண்டு. “நிர்வாகியின் பொத்தானைச் சாதாரணப் பயனருக்கு மறைத்துவிட்டோம்” என்பார்கள். மறைத்தது திரையில். பிரவுசரிலேயே இருக்கும் டெவலப்பர் கருவியைத் திறந்தால், செயலி சர்வரோடு பேசும் ஒவ்வொரு வரியும் தெரியும். அந்தக் கோரிக்கையைப் பொத்தான் இல்லாமலே அனுப்பலாம். கண்ணுக்குத் தெரியாததால் கைக்கும் எட்டாது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். இணையச் செயலிகளின் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு 2021இல் வெளியிட்ட, இணையச் செயலிகளின் முதல் பத்து ஆபத்துகளின் பட்டியலில் முதலிடம் இந்த அனுமதிக் குறைபாட்டுக்குத்தான். மனிதர்கள் காலங்காலமாகச் செய்துவந்த தவறு இது. ஏஐ அதை விரைவாகச் செய்கிறது.

ஏன் செய்கிறது? “மாணவரின் மதிப்பெண்ணைக் காட்டும் பக்கம் வேண்டும்” என்று கேட்டீர்கள், அது காட்டியது. “மற்றவருக்குக் காட்டக் கூடாது” என்று நீங்கள் கேட்கவில்லை. பிறகு உங்கள் ஒரே கணக்கில் நுழைந்து பார்த்தீர்கள்; எல்லாம் சரியாக வந்தது. ஒரே கணக்கில் எத்தனை முறை சோதித்தாலும் இந்த ஓட்டை தென்படாது. 2025இல் ஏஐ கொண்டு செயலி உருவாக்கித் தரும் லவபிள் தளத்தில் உருவான 1,645 செயலிகளை அலசியபோது, 170 செயலிகளில் தரவுத்தளத்தின் எந்த வரிசையை யார் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் வரிசைநிலை அனுமதி விதிகள் இல்லாமலோ போதாமலோ இருந்தது தெரியவந்தது. சுபாபேஸ் போன்ற தரவுத்தளச் சேவைகளில் பிரவுசருக்குப் போகும் கீ, அதாவது தரவுத்தளத்தை அணுகும் குறியீடு, எல்லோருக்கும் தெரியும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது. அங்கே தரவைக் காப்பது அந்த விதிகள் மட்டுமே.

“ஏஐயிடமே கேட்டேன், பாதுகாப்பானது என்று சொன்னது” என்பது அடுத்த பதில். 2022இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் நடத்திய சோதனையில், ஏஐ துணையோடு எழுதியவர்களின் நிரல் கூடுதல் ஓட்டைகளோடு இருந்தது. தங்கள் நிரல் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும் அவர்களுக்கே கூடுதலாக இருந்தது. எனக்கு அச்சம் தருவது இந்த இரண்டாவது முடிவுதான். ஓட்டையை அடைக்கலாம், ஓட்டை இல்லவே இல்லை என்று நம்புகிறவரை உட்கார வைத்துக் கேட்கச் செய்வது கடினம்.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பயனர் கணக்குகளை உருவாக்குங்கள். ஒன்றில் நுழைந்து மற்றதன் பதிவைத் திறக்கவும் திருத்தவும் அழிக்கவும் முயலுங்கள். கணக்கே இல்லாமலும் முயலுங்கள். ஒன்று பலித்தாலும் செயலியை வெளியிடாதீர்கள்.

ஏஐ பரிந்துரைக்கும் பேக்கேஜ்களை, அதாவது மற்றவர்கள் எழுதி வெளியிட்ட ஆயத்த நிரல் தொகுப்புகளை, கண்ணை மூடிக்கொண்டு நிறுவாதீர்கள். 16 ஏஐ மாடல்கள் எழுதிய 5,76,000 நிரல்களை ஆராய்ந்து 2025இல் வெளியான ஆய்வில், பரிந்துரைக்கப்பட்ட பேக்கேஜ்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று உலகிலேயே இல்லாதது. இல்லாத அந்தப் பெயரில் தீய நிரலைப் பதிவேற்றிவிட்டு ஒருவர் காத்திருந்தால் போதும். நிறுவும் முன் அதை வெளியிட்டது யார், எப்போது, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள்.

பயன்பாட்டில் உள்ள தரவுத்தளத்தை தானாகவே வேலைகளைச் செய்யும் ஏஐ முகவரின் கையில் கொடுக்காதீர்கள். 2025 ஜூலையில் செயலி உருவாக்கும் தளமான ரெப்லிட்டின் முகவர், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும் பயன்பாட்டில் இருந்த ஒரு தரவுத்தளத்தை அழித்தது. கட்டளை வேறு, அனுமதி வேறு. சொல்வதைக் கேட்கும் என்று நம்புவதைவிட, அழிக்கும் உரிமையையே கொடுக்காமல் இருங்கள். சோதனைக்குப் பொய்த் தரவுடன் தனி நகல் வையுங்கள். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து மீட்டும் பாருங்கள்.

இன்னொரு வேண்டுகோள்: தேவையில்லாத விவரத்தைக் கேட்காதீர்கள். மதிப்பெண் காட்டும் செயலிக்குப் பிறந்த தேதியும் வீட்டு முகவரியும் எதற்கு? உங்களிடம் இல்லாத தரவு உங்களிடமிருந்து கசியாது.

ஏற்கெனவே வெளியிட்டுவிட்டவர்கள் இரண்டு கணக்குச் சோதனையை இன்றே செய்யுங்கள். ஓட்டை தெரிந்தால் முதலில் செயலியை நிறுத்துங்கள், பிறகு சரிசெய்யுங்கள். இயங்கும்போதே ஒட்டுப்போட முயலாதீர்கள். வெளிச்சேவைகளைப் பயன்படுத்தத் தரப்படும், ரகசியமாக இருக்க வேண்டிய ஏபிஐ கீ நிரலுக்குள் இருந்தால், அந்த வரியை அழிப்பதால் பயனில்லை. நிரலின் பழைய வடிவங்களைச் சேமித்துவைக்கும் கிட் கருவியின் வரலாற்றில் அது அப்படியே இருக்கும். சேவை தரும் தளத்தில் அந்தக் கீயை ரத்துசெய்து புதியது பெறுங்கள். வந்த கோரிக்கைகளைச் சர்வர் குறித்துவைத்த பதிவுகளை அழிக்காமல் எடுத்து வையுங்கள். யார் எதைப் பார்த்தார்கள் என்று அறிய அவைதான் உதவும். யாருடைய விவரமாவது வெளியே போயிருந்தால் அவர்களிடம் நீங்களே சொல்லுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் தம் பெயரில் வரும் மோசடி அழைப்பை எதிர்பார்த்து அவர்கள் எச்சரிக்கையாக இருக்க அந்தத் தகவல் வேண்டும்.