பிங்குக்குப் பதில் சொன்னது யார்?

மந்தைவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். வீட்டில் நாஸ் பெட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ரவுட்டரோடு கேபிளில் இணைத்து, குடும்பமே படங்களைப் போட்டுவைக்கும் பெட்டி. மழையில் ஒரு மணி நேரம் கரண்ட் போய் வந்ததிலிருந்து, கம்ப்யூட்டரில் அந்த டிரைவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. கடைக்காரர் வந்து பிங் செய்தார். பதில் வந்தது. "பெட்டி உயிரோடதான் இருக்கு, டிஸ்க்தான் போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டார். பெரியவர்கள் திருஷ்டி என்கிறார்கள். "அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் போய்விட்டனவா?" என்பது அவர் கேள்வி.

திருஷ்டி என்பதும் டிஸ்க் போய்விட்டது என்பதும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. இரண்டுமே பார்க்காமல் சொன்ன தீர்ப்பு. ஆனால் கடைக்காரர் தொடங்கிய இடம் சரிதான். 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய சின்ன நிரல் பிங். 'இந்த எண்ணில் யாராவது இருக்கிறீர்களா?' என்று கேட்கும். பதில் வந்தால் யாரோ இருக்கிறார் என்று அர்த்தம். அந்த 'யாரோ' நம் பெட்டிதானா என்பதை அது சொல்லாது.

ஐ.பி. எண் என்பது ரவுட்டர் தற்காலிகமாகக் கொடுப்பது, இன்று 192.168.1.12, நாளை வேறு. மேக் முகவரி பெட்டி தயாரானபோதே அதோடு வருவது. 48 பிட், பதினறும முறையில் (0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்துகள்) எழுதினால் 12 இலக்கம். வீட்டுக்குள் தகவல் போய்ச்சேர மேக் முகவரிதான் வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததோ ஐ.பி. எண் மட்டும். இந்த இடைவெளியை அடைப்பதுதான் ஏ.ஆர்.பி. 1982 நவம்பரில் டேவிட் பிளம்மர் எழுதிய ஆர்.எஃப்.சி. 826 என்ற ஆவணத்தில் அது முழுதாக இருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத ஆவணம்.

திருவல்லிக்கேணியின் பழைய ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தபால்காரர் முற்றத்தில் நின்று "ஏழாம் நம்பர் போர்ஷன் யாருங்க?" என்று குரல் கொடுப்பார். எல்லோர் காதிலும் விழும். ஏழாம் நம்பர்காரர் மட்டும் எட்டிப் பார்ப்பார். கம்ப்யூட்டரும் அப்படித்தான் வீடு முழுக்கக் கேட்கிறது: '12-ஆம் எண் யார்?' வெறும் 28 பைட் செய்தி. அதில் கேட்பவரின் மேக், கேட்பவரின் ஐ.பி., தேடப்படுபவரின் ஐ.பி. எல்லாம் நிரம்பியிருக்கும். ஒரே ஓர் இடம் காலி: தேடப்படுபவரின் மேக். எண்ணுக்கு உரியவர் அந்தக் காலியிடத்தில் தன் முகவரியை எழுதி, அனுப்புநரையும் பெறுநரையும் இடம் மாற்றி, 'கேள்வி' என்பதைக் குறிக்கும் 1-ஐ 'பதில்' என்பதைக் குறிக்கும் 2 ஆக்கி, வந்த செய்தியையே திருப்பிவிடுகிறார். அவர் திரும்பக் கத்தவேண்டியதில்லை. கேட்டவரின் முகவரி கேள்வியிலேயே இருக்கிறதே! இன்னொரு அழகும் உண்டு. வந்தது கேள்வியா பதிலா என்று பார்ப்பதற்கு முன்பே, அனுப்பியவரின் முகவரியைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறார் பிளம்மர். என்னிடம் பேச வந்தவரோடு நானும் பேசவேண்டி வருமே என்பது அவர் கணக்கு.

அந்த ஆவணத்தை இன்றும் யாரும் காசில்லாமல் படிக்கலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸையும் சேர்த்து நம் கல்வி நிலையங்களை இணைத்த எர்நெட் என்ற வலையமைப்பும் 1986-இல் இந்திய அரசும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் கொடுத்த பணத்தில் தொடங்கியது. உடனே லாபம் காட்டாத இத்தகைய வேலைகளுக்குப் பொதுப்பணம் தடையில்லாமல் கிடைக்கவேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

வாசகிக்குச் சொன்னது இது. உங்கள் கம்ப்யூட்டர் நாஸைத் தேடுவது 192.168.1.12 என்ற எண்ணில். முதலில் அந்த எண்ணுக்கு பிங் செய்யுங்கள். உடனே அதே கறுப்பு ஜன்னலில் (கமாண்ட் பிராம்ப்ட்) ஏ.ஆர்.பி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, ஏ என்று தட்டுங்கள். கம்ப்யூட்டர் குறித்துவைத்த பட்டியல் வரும். 12-க்கு நேரே உள்ள மேக் முகவரியை நாஸ் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள்.

பொருந்தவில்லை. பட்டியலில் வந்த மேக் முகவரியின் இரண்டாவது இலக்கம் ஈ என்ற ஆங்கில எழுத்து. அந்த இடத்தில் 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்று இருந்தால், அது தொழிற்சாலையில் தந்த முகவரி அல்ல. கருவி தானே வைத்துக்கொண்டது. இப்போதைய செல்போன்கள் நம்மைப் பின்தொடர முடியாதபடி வைஃபையில் இப்படித்தான் செய்கின்றன. அன்று கோவையிலிருந்து தம்பி குடும்பம் வந்திருந்தது. கரண்ட் வந்து ரவுட்டர் விழித்ததுமே தம்பி மகனின் போன் எண் கேட்டு வாங்கிவிட்டது. பழைய பட்டியலை மறந்திருந்த ரவுட்டர் 12-ஐ எடுத்துக் கொடுத்துவிட்டது. டிஸ்குகளைச் சுழலவிட்டுச் சோதித்துவிட்டு நாஸ் மெதுவாக வந்தபோது கிடைத்தது 9. கடைக்காரரின் பிங்குக்குப் பதில் சொன்னது அந்தப் போன்.

முகவரி பொருந்தியும் ஃபோல்டர் திறக்காத வீடுகளில் கடவுச்சொல்லைப் பாருங்கள். பெட்டி பழசு என்றால், கோப்புகளைப் பகிரும் பழைய முறையான எஸ்.எம்.பி. 1-ஐயும் பாருங்கள், 2017 இறுதியிலிருந்து விண்டோஸ் 10 அதைக் கைவிடத் தொடங்கியது. அந்த ஆண்டு மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வானாக்ரை என்ற தீநிரல் அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதைத் திரும்பப் போடாதீர்கள், நாஸின் மென்பொருளைப் புதுப்பியுங்கள்.

மந்தைவெளியில் படங்கள் அப்படியே இருக்கின்றன. ரவுட்டரில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற பக்கத்தில் நாஸின் மேக் முகவரியை எழுதி, 12-ஐ அதற்கே ஒதுக்கிவிட்டார்கள்.