டேப் டிரைவுக்குக் கார்ட்ரிட்ஜ் வாங்குமுன் தலைமுறை எண்ணைப் பாருங்கள்

எல்டிஓ என்பது நிறுவனங்கள் பேக்கப்புக்குப் பயன்படுத்தும் காந்த டேப் வகை; பெயரின் பின்னால் வரும் எண்தான் தலைமுறை. எல்டிஓ கார்ட்ரிட்ஜ்கள் எல்லாமே ஒரே அளவு, ஒரே வடிவம். பழைய எல்டிஓ-5 கூட எல்டிஓ-9 டிரைவுக்குள் தடையின்றி நுழையும். ஆனால் டிரைவ் அதைப் படிக்காமல் வெளியே தள்ளிவிடும்.

எல்டிஓ-7 வரை கணக்கு எளிது: டிரைவ் தனக்கு முந்தைய தலைமுறையில் எழுதும், அதற்கும் முந்தையதைப் படிக்க மட்டும் செய்யும். எல்டிஓ-8-இல் ஹெட் (டேப்பைப் படித்து எழுதும் பாகம்) தொழில்நுட்பம் மாறியதால் இந்த வசதி குறைந்தது. எல்டிஓ-8 டிரைவ் 7, 8 இரண்டை மட்டுமே ஏற்கும். எல்டிஓ-9 டிரைவ் 8, 9 இரண்டை மட்டும். 2025-இல் வந்த எல்டிஓ-10 தன் தலைமுறை டேப்பைத் தவிர வேறெதையும் தொடாது.

இதில் அடிபடுவது பழைய ஆவணங்கள்தான். இந்திய நிறுவனச் சட்டப்படி கணக்கு ஏடுகளை எட்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அவை எல்டிஓ-6 டேப்பில் இருக்க, புது எல்டிஓ-8 டிரைவ் வந்ததும் பழைய டிரைவைக் கழித்துக்கட்டினால், தணிக்கையில் கேட்கும்போது டேப் கையில் இருந்தும் படிக்க வழியிருக்காது. எல்லாவற்றையும் புது டேப்புக்கு நகலெடுத்து, ஒன்றிரண்டு கோப்புகளை மீட்டுப் பார்த்த பிறகே பழைய டிரைவை அனுப்புங்கள். இந்த ஒரு விஷயத்தில் அவசரமே கூடாது.

பெட்டியில் பெரிதாக அச்சிட்ட கொள்ளளவை நம்பி எத்தனை டேப் வேண்டுமென்று கணக்குப் போடாதீர்கள். எல்டிஓ-9-இல் 45 டிபி (டெராபைட்) என்பது தரவு 2.5 மடங்கு சுருங்கும் என்ற அனுமானம். உண்மையான இடம் 18 டிபி. வீடியோ, ஜிப் கோப்பு, மென்பொருளே என்கிரிப்ட் செய்து அனுப்பும் பேக்கப் ஆகியவை சுருங்கவே சுருங்காது.

பார்கோடு லேபிளின் கடைசி இரண்டு எழுத்துகளையும் கவனியுங்கள். எல்8 என்றால் சாதாரண எல்டிஓ-8. எல்ஒய் என்றால் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய வார்ம் டேப். அதே டேப்பில் மறுபடி மறுபடி எழுதும் அன்றாடச் சுழற்சிக்கு வாங்கினால் பணம் வீண். எம்8 என்பது புது எல்டிஓ-7 டேப்பை எல்டிஓ-8 டிரைவில் 9 டிபி-க்குத் தயார் செய்தது. அதை எல்டிஓ-7 டிரைவும் படிக்காது, எல்டிஓ-9 டிரைவும் படிக்காது.

பிராண்ட் பற்றிக் கவலை வேண்டாம். டிரைவும் டேப்பும் வெவ்வேறு நிறுவனத்தினுடையதாக இருக்கலாம். மலிவாகக் கிடைக்கும் பழைய டேப்பில்தான் எச்சரிக்கை தேவை. காந்தக் கருவியால் அழிக்கப்பட்டிருந்தால், ஹெட்டுக்கு வழிகாட்டத் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்ட சர்வோ தடங்களும் சேர்ந்து அழிந்திருக்கும். அவற்றை மறுபடி எழுத எந்த டிரைவாலும் முடியாது.

கிளீனிங் கார்ட்ரிட்ஜுக்கு யுனிவர்சல் வகை போதும். டிரைவ் கேட்கும்போது மட்டும் போடுங்கள், வாரம் தவறாமல் போட்டால் ஹெட்தான் தேயும்.

புது எல்டிஓ-9 டேப்பை முதன்முறை போடும்போது டிரைவ் அதை அளவெடுத்துக்கொள்ள இரண்டு மணி நேரம்வரை ஆகலாம். டிரைவ் தொங்கிவிட்டதென்று நினைத்து மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். டேப்பை முந்தைய நாளே சர்வர் அறையில் வைத்துவிட்டு, இந்த வேலையை பேக்கப் இல்லாத பகல் நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.