பம்புசெட் அறையில் கிடக்கும் மிச்சக் கேப்புகளும் வெடிபொருள் சட்டமும்

மின்சார டெட்டனேட்டர்களை, அதாவது வெடிமருந்தைத் தூண்டி வெடிக்க வைக்கும் வயர் கோத்த சிறு குழல்களை (பேச்சு வழக்கில் 'கேப்'), தயாரிப்பதும், இறக்குமதி செய்வதும், கைவசம் வைத்திருப்பதும் 2025 ஏப்ரல் 1 முதல் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டுள்ளன. கல்குவாரி நடத்துகிறவர்களுக்கு இது பழைய செய்தி. அவர்கள் எலக்ட்ரானிக் டெட்டனேட்டருக்கோ மின்வயர் இல்லாமல் குழாய் வழியே தூண்டும் ஷாக் டியூப் முறைக்கோ மாறிக்கொண்டார்கள். ஆனால் ராதாபுரம், நாங்குநேரி, ஆலங்குளம் பக்கங்களில் கரும்பாறையை உடைத்துக் கிணறு வெட்டிய விவசாயிகளில் பலருக்கு இந்தத் தடை தங்களையும் தொடும் என்பது தெரியவில்லை. திருநெல்வேலி நீதிமன்றங்களில் இவ்வகை வழக்குகளை நடத்தி வருகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என்னிடம் வருகிறவர்களில் சதிகாரர்கள் யாரும் இல்லை. கம்ப்ரசர் வண்டி வைத்துத் துளையிட்டு வெடி வைத்துத் தரும் மேஸ்திரியிடம் கிணற்று வேலையை மொத்தமாகப் பேசிவிட்டு, வேலை முடிந்ததும் மிஞ்சிய கேப்புகளையும் தோட்டாக்களையும் (வெடிமருந்துக் குச்சிகளையும்) 'அடுத்த தடவை தூர் வாரும்போது ஆகும்' என்று ஒரு மூலையில் ஒதுக்கி வைத்தவர்களே அதிகம். அப்படி ஒருவருடைய பம்புசெட் அறையில், மோட்டார் திருட்டு ஒன்றை விசாரிக்க வந்த போலீசார், யூரியா சாக்கில் சுற்றித் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டிப் பரணில் சொருகியிருந்த கேப்புகளைக் கண்டெடுத்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் சாட்சிக் கையெழுத்துப் போட, கைப்பற்றுதல் மகஜர் (கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் எழுதும் பதிவு) அந்தத் தோட்டத்திலேயே எழுதப்பட்டது. "கெணறு வெட்டும்போது மிஞ்சுனது சார், வெளிய போட்டா பிள்ளைய எடுத்து வெளையாடிருமேன்னு மேல சொருகி வச்சேன்" என்று அவர் என்னிடம் சொன்னது உண்மை என்றே நம்புகிறேன். ஆனால் இந்தச் சட்டத்தில் நோக்கத்தைப் பற்றிய கேள்வி பிறகுதான் வரும். பொருள் யாருடைய கைவசத்தில் இருந்தது, அதற்கு எந்தக் காகிதம் இருக்கிறது என்பவையே முதலில் வரும் கேள்விகள்.

இங்கே இரண்டு தனித்தனிச் சட்டங்கள் வேலை செய்கின்றன என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். முதலாவது 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம். அதன் பிரிவு 9பி, உரிமமில்லாமலோ உரிம நிபந்தனைக்கு மாறாகவோ வெடிபொருளை வைத்திருப்பவருக்கும், பயன்படுத்துபவருக்கும், விற்பவருக்கும், கொண்டு செல்பவருக்கும் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 3,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டையும் விதிக்க இடமளிக்கிறது. தயாரிப்புக்கும் இறக்குமதிக்கும் இது 3 ஆண்டு, 5,000 ரூபாய் என்று உயரும். அரசு அறிவிக்கை மூலம் அறவே தடை செய்யப்பட்ட வெடிபொருளாக இருந்தால், வெறுமனே வைத்திருப்பதற்கே அந்த உயர்ந்த தண்டனை பொருந்தும். ஆகவே பரணில் கிடக்கும் வயர் கோத்த பழைய கேப், உரிமமில்லாத பொருள் என்ற நிலையிலிருந்து, யாரும் உரிமம் தர முடியாத பொருள் என்ற நிலைக்குப் போய்விட்டது. 'அன்றைக்கு உரிமம் உள்ளவரிடம்தான் வாங்கினேன்' என்ற பதில் இன்றைக்குக் கைவசம் வைத்திருப்பதை நியாயப்படுத்தாது.

இரண்டாவது, 1908-ஆம் ஆண்டின் வெடிமருந்துப் பொருட்கள் சட்டம். இதுதான் குடும்பத்தை நிலைகுலைய வைப்பது. சட்டபூர்வமான காரியத்துக்காக அல்ல என்று நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க சூழலில் ஒருவர் தெரிந்தே வெடிபொருளை வைத்திருந்தால், பிரிவு 5-இன் கீழ் 10 ஆண்டு வரை கடுங்காவல் விதிக்கலாம். காரியம் சட்டபூர்வமானதுதான் என்று காட்டும் பொறுப்பை அந்தப் பிரிவு குற்றம் சாட்டப்பட்டவர் தலையிலேயே வைக்கிறது. வெட்டிய கிணறு கண்முன்னே இருக்கிறது, பில்லும் கையில் இருக்கிறது என்றால் அந்தப் பொறுப்பைச் சுமப்பது எளிது. பில் இல்லாமல் மேஸ்திரியின் பெயரை மட்டும் சொல்கிறவருக்கு அது மலையைப் புரட்டுகிற வேலை. மேஸ்திரியும் பெரும்பாலும் கைபேசியை அணைத்துவிட்டிருப்பார். ஒரு பாதுகாப்பும் இருக்கிறது: பிரிவு 7-இன்படி மாவட்ட ஆட்சியர் மாவட்ட நடுவர் என்ற முறையில் இசைவு தராமல் எந்த நீதிமன்றமும் இச்சட்டத்தின் கீழ் விசாரணையைத் தொடர முடியாது. முறையான இசைவு இல்லாமலே குற்றப்பத்திரிகை வந்திருக்கிறதா என்பதை எந்த வழக்கிலும் முதலில் பார்ப்பது என் வழக்கம்.

3,000 ரூபாய் அபராதம்தானே என்று இளக்காரமாக நினைப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1884-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவர 2024-இல் கருத்துக் கேட்புக்கு வெளியிடப்பட்ட மசோதா வரைவு, இந்தத் தொகையை 50,000 ரூபாயாகவும், தயாரிப்பு, இறக்குமதிக் குற்றங்களுக்கு 1 லட்சம் ரூபாயாகவும் உயர்த்த முன்மொழிந்தது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 288, வெடிபொருளை அஜாக்கிரதையாகக் கையாளுவதற்கான அபராத வரம்பைப் பழைய 1,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக்கியது. கவனக்குறைவால் உயிர்ச்சேதம் நேர்ந்தால், முன்பு 2 ஆண்டாக இருந்த உச்சத் தண்டனை பிரிவு 106-இன் கீழ் 5 ஆண்டாகியிருக்கிறது.

வாங்குதல், விற்றல் பற்றிய நடைமுறை 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளில் இருக்கிறது. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்னும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இதை நிர்வகிக்கிறது. வாங்குகிறவர் ஆர்இ-11 படிவத்தில் தேவைப் பட்டியல் தர வேண்டும். விற்கிறவர் ஆர்இ-12 அனுமதிச் சீட்டோடு சரக்கை அனுப்ப வேண்டும். சரக்கு உரிமம் பெற்ற வெடிபொருள் வேனில்தான் வர வேண்டும். டெட்டனேட்டரும் வெடிமருந்தும் தனித்தனியே இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டுப் பையிலோ டவுன் பஸ்ஸின் இருக்கைக்கு அடியிலோ வந்து சேரும் தோட்டாவுக்கு எந்தச் சீட்டும் இருக்க முடியாது. அப்படி வருகிற பொருளைப் பெற்றுக்கொள்ளும் கணத்திலேயே வாங்குகிறவரும் குற்றத்துக்குள் வந்துவிடுகிறார். வெடிபொருள் நடமாட்டத்தைப் பெசோவின் இணையவழிக் கண்காணிப்பு முறை தொடர்கிறது. பெட்டியின் மேல் இருக்கும் அடையாள எண்ணை வைத்து அது எந்தக் கிடங்கிலிருந்து கிளம்பியது என்று பின்னோக்கிப் போக முடியும். குவாரிக் கிடங்கின் கணக்குப் புத்தகத்தில் 'செலவானது' என்று எழுதப்பட்ட பெட்டி ஒரு விவசாயியின் கொட்டகையில் அகப்பட்டால், மாட்டிக்கொள்வது விவசாயி மட்டுமல்ல. கையிருப்பில் குறைவோ திருட்டோ தெரிந்த உடனே காவல் நிலையத்துக்கும் உரிமம் வழங்கிய அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டியது உரிமதாரரின் கடமை. கணக்கை மறுநாள் சரிசெய்துகொள்ளலாம் என்று மேலாளர் தள்ளிப்போடும் அந்த ஒரு நாள்தான் பிற்பாடு குறுக்கு விசாரணையில் கேள்வியாக வந்து நிற்கும்.

2024 மே 1 அன்று காரியாபட்டி அருகே குவாரி வெடிபொருள் கிடங்கில் நேர்ந்த வெடிப்பு மூன்று தொழிலாளர்களைப் பலிகொண்டது நம் பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில்தான். விபத்து நடந்தால் பெசோவின் முதன்மைக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் உடனே தகவல் தர வேண்டும் என்பது சட்டத்தின் பிரிவு 8. இதைக்கூடப் படிக்காமல் உரிமத்தைப் பிரேம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டியிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அம்மோனியம் நைட்ரேட்டைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: அது உரம், அதற்கு என்ன உரிமம் என்பது. எடையில் 45 விழுக்காட்டுக்கு மேல் அம்மோனியம் நைட்ரேட் கொண்ட பொருள் 2011-லேயே வெடிபொருளாக அறிவிக்கப்பட்டுவிட்டது. 2012-இல் தனி விதிகள் வந்து, 2020-இல் பெய்ரூட்டில் நடந்த பெருவெடிப்புக்குப் பிறகு 2021-இல் மேலும் இறுக்கப்பட்டன. அதைப் பிரித்தெடுக்க முடியாத உரங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. வாங்கி வைப்பதற்கு ஓர் உரிமம் தேவை என்றால், அதோடு வேறொன்றைக் கலந்து வெடிமருந்தாக்குவது சட்டத்தின் பார்வையில் தயாரிப்பு. அதற்கு வேறு உரிமம், வேறு தண்டனை.

மலையடிவாரத்தில் களக்காடு, கடையம் பக்கங்களில் காட்டுப்பன்றிக்கு நாட்டு வெடி வைப்பவர்கள் மூன்றாவதாக ஒரு சட்டத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் எவ்வளவு கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்படுகிறது என்பதை வனச்சரக அலுவலகப் படியேறியவர்கள் அறிவார்கள். பயிர்ச்சேதத்தின் வேதனை எனக்கும் புரிகிறது; ஆனால் அந்த வெடியைக் கடிப்பது பன்றியாகத்தான் இருக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

கொடை விழாக்களுக்கும் தீபாவளிக் கடைகளுக்கும் ஒரு வரி போதும்: பட்டாசும் சட்டத்தின் பொருளில் வெடிபொருளே. தற்காலிகக் கடைக்கு மாநகரக் காவல் எல்லைக்குள் ஆணையரிடமும், வெளியே மாவட்ட நிர்வாகத்திடமும் உரிமம் வாங்க வேண்டும். கடைகள் ஒன்றுக்கொன்று 3 மீட்டர் தள்ளியும், எதிரெதிராகப் பார்த்திராமலும் அமைய வேண்டும்.

இனி, பரணில் மிச்சம் இருக்கிறது என்று இன்றைக்கு நினைவு வந்தவர்கள் என்ன செய்வது? அதைத் தொடாதீர்கள், எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு வண்டியில் போகாதீர்கள், ஏனென்றால் வழியில் வாகனச் சோதனையில் பிடிபட்டால் ஒப்படைக்கத்தான் வந்தீர்கள் என்பதை நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது. கிணற்றில் போடுவதும், எரிப்பதும், குழிதோண்டிப் புதைப்பதும் ஆபத்தோடு தடயத்தை அழித்த குற்றச்சாட்டையும் கொண்டுவரும். அறையைப் பூட்டிவிட்டு, ஒரு வழக்கறிஞரின் துணையோடு காவல் நிலையத்துக்கு எழுத்துமூலம் மனுக் கொடுங்கள். கிணறு எந்த ஆண்டு வெட்டப்பட்டது, சர்வே எண் என்ன, வேலையை எடுத்தவர் யார், பொருள் எந்த இடத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பவை அதில் இருக்கட்டும். எண்ணிப் பார்ப்பதற்காகக்கூட அவிழ்க்க வேண்டாம், ஒரு கட்டு என்று எழுதினாலே போதும். மனுவின் நகலில் தேதியோடு பெறுகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்; நேரில் வாங்க மறுத்தால் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினர் வந்து எடுத்துச் செல்லும்போது எழுதப்படும் மகஜரில், தகவல் கொடுத்தது நீங்களே என்ற வாசகம் இடம்பெற்றிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.