தொந்தரவே தராத பிள்ளைகள்

மதிப்பெண் குறைந்த பிள்ளை, கைபேசியைக் கீழே வைக்காத பிள்ளை, எதிர்த்துப் பேசும் பிள்ளை. பெற்றோர் என்னிடம் அழைத்து வருவது இவர்களைத்தான். சொன்ன சொல் தட்டாத பிள்ளையை யாரும் அழைத்து வருவதில்லை. அவர்கள் முப்பது வயதைத் தாண்டிய பிறகு தாங்களாகவே வருகிறார்கள். நல்ல வேலை, குடும்பம், வீட்டுக்கடன் தவணை எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். "ஒரு குறையும் இல்லை டாக்டர். ஆனால் என் வாழ்க்கையை வேறு யாரோ வாழ்வதுபோல் இருக்கிறது" என்பார்கள். மனச்சோர்வு இருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. பலருக்கு அதுவும் இருக்காது.

இந்த வெறுமையைப் பற்றி நான் படித்தவற்றில் மிகத் தெளிவானது டொனால்ட் வின்னிகாட் எழுதியது. லண்டன் பாடிங்டன் கிரீன் குழந்தைகள் மருத்துவமனையில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் பணியாற்றிய மருத்துவர், உளப்பகுப்பாய்வாளர். உண்மைச் சுயம், பொய்ச் சுயம் என்ற அவரது பாகுபாடு 1960-ஆம் ஆண்டுக் கட்டுரையில் விரிவாக வருகிறது.

குழந்தை சிணுங்குகிறது, கையை நீட்டுகிறது. தாய் அதைப் புரிந்துகொண்டு ஈடுகொடுக்கும்போது, தன் விருப்பத்துக்கு உலகில் இடமுண்டு என்ற நம்பிக்கை அதற்குள் ஊறுகிறது. அந்த நம்பிக்கையில் உயிர்பெறுவதுதான் உண்மைச் சுயம். தாய்க்கு அது இயலாமல் போனால், குழந்தைதான் தாயின் விருப்பத்துக்கு இணங்கிப்போகிறது. அப்படி இணங்கிப்போக அது பூணும் வேடமே பொய்ச் சுயம். அம்மாவின் முகம் பார்த்து நடக்கக் கற்ற அந்தப் பிள்ளையை ஊர் 'தங்கமான பிள்ளை' என்கிறது. (உடனே அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். குறையற்ற தாய் தேவையில்லை, ஓரளவு நல்ல தாயே போதும் என்றவரும் வின்னிகாட்தான். அந்தத் தாய்க்குப் பிரசவத்துக்குப் பின் யார் துணை இருந்தார்கள் என்பதையும் நான் கேட்பதுண்டு.)

பொய்ச் சுயம் என்பது கபடம் அல்ல. எரிச்சலை அடக்கிக்கொண்டு விருந்தினரை "வாருங்கள்" என்று வரவேற்பதும் அதன் ஆரோக்கியமான வடிவமே. மறுகோடியில், அந்த வேடமே முழு மனிதராகிவிடுகிறது. படிப்பில் கெட்டிக்காரர்களிடம் இதைக் கண்டுபிடிப்பது கடினம். பாராட்டு கூடக் கூட, தாம் போலி என்ற எண்ணமும் அவர்களுக்குள் கூடுகிறது. வெளியுலகுக்கு வெற்றிகரமாக வாழ்ந்தும், தான் இன்னும் வாழவே தொடங்கவில்லை என்று உணர்ந்த நடுத்தர வயதுப் பெண் ஒருவரை அக்கட்டுரை குறிப்பிடுகிறது.

'முகமூடியைக் கழற்றி எறியுங்கள்' என்று காணொளிகளில் முழங்குபவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. அந்த முகமூடிதான் உள்ளே இருப்பதை இதுவரை காத்து வந்தது. குழந்தையை மருத்துவரிடம் அழைத்துவரும் செவிலித்தாய்போல, முதலில் பேச வருவது பொய்ச் சுயம்தான் என்கிறார் வின்னிகாட். அவளோடு பொறுமையாகப் பேசினால்தான் குழந்தையை நம்மிடம் விடுவாள். ஆகவே முதல் சில மாதங்கள் நான் அவசரப்படுவதில்லை. எப்போதும் தலையாட்டியவர் ஒருநாள் "நீங்கள் சொல்வது சரியில்லை டாக்டர்" என்றால், சிகிச்சை நகர்கிறது என்று குறித்துக்கொள்கிறேன்.

வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், சட்டையின் நிறம், சாப்பாடு போன்ற சின்ன விஷயங்களில் அது "வேண்டாம்" என்று சொல்லும்போது விட்டுக்கொடுங்கள். இப்படி வளர்ந்து பெரியவர்களானவர்கள், யாருக்கும் பாரமாகக் கூடாது என்று உதவி கேட்பதையே தவிர்ப்பார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைக்கூடச் சிரித்த முகத்துடன் மறைத்துவிடுவார்கள். அப்படியோர் எண்ணம் தலைகாட்டினால், இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.