கம்ப்ரசர் காற்றை முதலில் ஆற வையுங்கள்

கதவுக்குக் கடைசிக் கோட் அடிக்கும்போது ஸ்பிரே கன்னிலிருந்து ஒரு சொட்டு நீர் தெறிக்கிறது. பளபளக்கும் பெயின்ட்டில் வட்டமாக ஒரு பள்ளம். கம்ப்ரசர் டேங்கிலேயே வாட்டர் செபரேட்டர் மாட்டியிருந்தாலும் இது நடக்கும்.

செபரேட்டர் காற்றைச் சுழற்றித் துளிகளைத்தான் பிரிக்கும். ஆவியை அதனால் பிடிக்க முடியாது. காற்று சூடாக இருக்கும்வரை நீர் ஆவியாகவே அதைக் கடந்துபோய், ஹோஸில் ஆறித் துளியாகிறது.

கடலோர ஊர்களில் 30 டிகிரி வெப்பமும் 80% ஈரப்பதமும் சாதாரணம். அந்தக் காற்றில் கனமீட்டருக்குச் சுமார் 24 கிராம் நீர் இருக்கும். கேஜ் 8 பார் அழுத்தம் காட்டினால், வெளிக்காற்றின் 1 பாரும் சேர்த்து மொத்தம் 9; அதாவது 9 கனமீட்டர் ஒன்றாகச் சுருங்கும். நீர் 216 கிராம். 35 டிகிரிக்கு ஆறிய ஒரு கனமீட்டர் காற்றோ 40 கிராம் ஆவியைத்தான் தாங்கும். மீதி 176 கிராம் நீராகியே தீரும். நிமிடத்துக்கு 150 லிட்டர் இழுக்கும் கன் ஒரு மணி நேரம் ஓடினால் இவ்வளவு சேரும்.

எனவே முதல் வேலை ஆற வைப்பது. டேங்கிலிருந்து ஒரு மீட்டர் ஹோஸ் விட்டு (அதிர்வில் குழாய் விரிசல் விடாமலிருக்க), சுமார் 10 மீட்டர் காப்பர் குழாயைச் சுவரில் தொடர்ந்து கீழ்நோக்கிய சரிவில் ஓட்டுங்கள். எங்கும் தொய்வு விழக் கூடாது. விழுந்தால் அங்கே நீர் தேங்கி, மொத்தமாக அடித்துக்கொண்டு வரும். கடைசியில் ஒரு முழ நீளத்துக்குக் குழாயைக் கீழே இறக்கி, நீரை வடிக்க வால்வு வையுங்கள். காற்றுக்கான கிளையை அதற்கு மேலிருந்து எடுங்கள். ஒரு மேசை ஃபேன் இருந்தால் இன்னும் நல்லது. பிவிசி குழாய் மட்டும் வேண்டவே வேண்டாம்: வெடித்தால் கத்தி கத்தியாகச் சிதறும்.

அடுத்து செபரேட்டர், அதன்பிறகே அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர். இந்த வரிசையை மாற்றாதீர்கள். அழுத்தம் அதிகமாக இருக்கும்போதுதான் நீர் பிரியும். பிரித்தபின் 8 பாரை 2 பாராகக் குறைத்தால் (மொத்தத்தில் 9-லிருந்து 3) காற்று மூன்று மடங்கு விரிந்து, ஈரப்பதம் 100 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 33-க்கு இறங்கும். சாதாரணப் பெயின்ட் வேலைக்கு இது போதும்.

பவுடர் கோட்டிங், பிளாஸ்மா கட்டிங் என்றால் ஆவியையும் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் தேவை. அரைக் கிலோ ஜெல் சுமார் 100 கிராம் நீர் வாங்கும். ஆறிய காற்றில் இரண்டரை மணி நேரம் தாங்கும். 50 டிகிரிச் சூட்டோடு காற்றை விட்டால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். ஜெல்லின் ஆரஞ்சு மணிகள் பச்சையானதும் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு, மூன்று மணி நேரம் உலர்த்துங்கள்.

தினமும் வேலை முடிந்ததும் அழுத்தத்தை 1 பாருக்கு இறக்கி, டேங்கின் அடி வால்வைத் திறந்துவிடுங்கள். பால்போல் வந்தால் எண்ணெய் கலந்திருக்கிறது. செம்பழுப்பாக வந்தால் டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. தகட்டின் கனத்தைச் சோதிக்காமல் அதில் மறுபடி காற்று ஏற்றாதீர்கள்.