அந்த வட்டங்களை வெட்டி எறியாதீர்கள்

பழந்துணிகளைப் பராமரிப்பது என் தொழில். ஒருமுறை ஒருவர் பழைய பிரெஞ்சுப் பட்டு ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். வெள்ளை சாட்டினில் ஊதாப் பூக்கொடி, நடுநடுவே சமிக்கி. வேலை அபாரம். ஓரங்கள் மட்டும் புதிதாகக் கத்தரித்தவை.

"சுற்றிலும் வெறுந்துணிதான் சார். சட்டத்துக்குள் அடங்கவில்லை, வெட்டிவிட்டோம்."

"அதில் ஒன்றுமே இல்லையா?"

"சின்னச் சின்ன வட்டமாகப் பூ இருந்தது."

அவை பித்தான்கள்!

18ஆம் நூற்றாண்டு பிரான்சில் ஆண்கள் மேல்கோட்டுக்குள் போடும் வெயிஸ்ட்கோட்டுக்குப் பூவேலை முதலில், கத்தரி பிறகு. இரண்டு முன்பக்கங்கள், பாக்கெட் மூடிகள், மரப் பித்தான்மேல் போர்த்தும் வட்டங்கள் என அத்தனையையும் பட்டில் இடம்பார்த்து வரைந்து தைத்துவிடுவார்கள். வாங்கியவர் தன் தையற்காரரிடம் கொடுத்து, உடம்புக்கேற்ப வெட்டித் தைத்துக்கொள்வார். முதுகுக்கு வெறும் லினனோ பருத்தியோ போதும்; மேல்கோட்டு மறைத்துவிடும். தைக்காமலே தங்கிவிட்ட துணிகள் இன்று பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. வெட்டுக்கோடு எது, மடிப்புக்கு எவ்வளவு விட்டார்கள் என்பதெல்லாம் அவற்றில்தான் தெரியும்.

பிரான்சின் பட்டு நகரமான லியோன் இந்த வேலைக்கும் பேர்போனது. காகிதத்தில் வரைந்த டிசைனை ஊசியால் துளையிட்டு, பொடி தட்டித் துணியில் இறக்குவார்கள். ஆரி வேலை செய்பவர்களுக்கு இது பழகிய சங்கதி. அரசரின் பூவேலை ஓவியரான சேன்-ஓபேன் 1770இல் எழுதிய நூலில், ஆரி போலவே கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போடும் முறையும் வருகிறது. பூவும் கொடியும் மட்டுமல்ல, குரங்குகளைக்கூட மார்பில் தைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்கள் அந்தக் கனவான்கள்!

இப்படி ஒரு துணி கைக்கு வந்தால் கத்தரியைத் தொடாதீர்கள். துவைக்க வேண்டாம், சாயம் ஊறிவிடும். கறுத்த சரிகையைப் பாலிஷ் போட்டால் மேல்பூச்சு போய்விடும். அட்டையில் பசை தடவி ஒட்டவே வேண்டாம். அதைப் பிரித்தெடுக்க எனக்குப் பல நாள் பிடிக்கும். வெளிச்சம் பட்டு வெளுத்த நிறம் திரும்பாது. அருங்காட்சியகங்களே பட்டின்மேல் படும் வெளிச்சத்தை 50 லக்ஸ் என்ற மங்கலான அளவில் நிறுத்திக்கொள்ளும்போது, ஜன்னலுக்கு எதிரே மாட்டலாமா?

அடுத்த வாரம் அவர் மறுபடி வந்தார். வீட்டுத் தையல் பெட்டியில் தேடியதில் ஏழு வட்டங்கள் கிடைத்தனவாம். பாக்கெட் மூடி ஒன்றுகூட இல்லை.